கதவை அறுப்பதற்கு முன் பூனையை அளந்துகொள்ளுங்கள்

வீட்டின் பின்பக்க மரக்கதவில், பூனை தானாகப் போய்வர உதவும், தொங்கும் மடல் வைத்த சிறு வாசலான பூனைக்கதவு ஒன்றைப் பொருத்த வேண்டும். எந்த வகையை வாங்குவது, எவ்வளவு உயரத்தில் வைப்பது, தச்சரை அழைக்காமல் நாமே அறுத்துப் பொருத்த முடியுமா, தெருவில் திரியும் கடுவன் பூனை அதே வழியாக உள்ளே வராமல் தடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் விடை சொல்கிறேன், ஆனால் வரிசையைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். கருவிகள் கையில் இருந்தால் அறுக்கும் வேலை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகள்தான் கடினமானவை, ஏனெனில் கதவில் ஒருமுறை போட்ட துளையை இடம் மாற்ற முடியாது. என் வீட்டிலும் நண்பர்கள் வீடுகளிலும் நான் பொருத்தியவற்றில், பூனை சீண்டாமல் விட்டவை எல்லாம் உயரமோ இடமோ தவறியவையே தவிர, அறுப்பதில் பிசகியவை அல்ல.

முதலில் உயரம். பூனை இயல்பாக நான்கு கால்களிலும் நிற்கும்போது தரையிலிருந்து அதன் வயிறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சாப்பிடும்போது அது அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பக்கத்தில் வைத்தால் போதும். துளையின் கீழ்விளிம்பு அந்த வயிற்று மட்டத்துக்கு வர வேண்டும், அல்லது அதைவிடச் சிறிது தாழ்வாக இருக்கலாம். வளர்ந்த நடுத்தரப் பூனைக்கு இது ஏறத்தாழ 15 செ.மீ. வரும் என்றாலும், உங்கள் பூனையின் அளவையே நம்புங்கள். இவ்வளவு சொல்வதற்குக் காரணம், பூனை ஒரு வாசலைக் கடக்கும் விதம். அது ஓடிக் கடப்பதில்லை. தலையை நீட்டும், ஒரு முன்னங்காலை வெளியே வைக்கும், பிறகு பாதி உடல் உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்று இடமும் வலமும் பார்க்கும், காதுகளைத் திருப்பும், காற்றை முகரும். அப்படி நிற்கும்போது முன்கால்கள் வெளியே, பின்கால்கள் உள்ளே, துளையின் கீழ்விளிம்பு வயிற்றுக்கு அடியில் இருக்கும். விளிம்பு உயர்ந்துவிட்டால் பூனை அதன்மேல் தொங்க நேரிடும். மிகத் தாழ்ந்துவிட்டால் முதுகைக் குறுக்கிக்கொண்டு தவழ நேரிடும். இரண்டுமே அதற்குப் பிடிக்காது.

வெளித்தரை உள்தரையைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பின்வாசலுக்கு ஒரு படியாவது இருக்கும். வெளியேறுவது எளிதாகத் தோன்றும். திரும்பி வரும்போது பூனை எட்டிக் குதிக்க வேண்டியிருக்கும், அதுவும் தலையால் மடலைத் தள்ளிக்கொண்டே. வெளியே ஒரு தட்டையான கல்லையோ பலகையையோ, ஆடாத வகையில், வழுக்காத மேற்பரப்புடன் போட்டுவிட்டால் அந்தச் சிக்கல் தீரும். மூட்டுவலி உள்ள வயதான பூனைக்கு இது கட்டாயம் தேவை. குட்டிக்காகப் பொருத்துகிறீர்கள் என்றால் வளர்ந்த பூனையின் உயரத்துக்கே துளையிட்டு, அதுவரை இருபுறமும் சிறு படி வையுங்கள்.

அகலத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு இணையாமல் தசையில் மிதப்பதால், தோள்களை ஒடுக்கிக்கொண்டு தலை நுழையும் இடத்தில் அது உடலையும் நுழைத்துவிடும். ஆனால் இது ஒல்லியான பூனைக்குத்தான் பொருந்தும். உடல் பருத்த பூனையும், மெய்ன் கூன் போன்ற பேரினப் பூனையும் வழக்கமான அளவில் சிரமப்படும். அவற்றுக்குச் சிறிய நாய்களுக்கென்று விற்கும் அளவை வாங்குவதே நல்லது.

அடுத்து இடம். தரையோடு தரையாகக் குனிந்து, துளை வரப்போகும் இடத்திலிருந்து வெளியே பூனையின் கண்மட்டத்தில் ஒருமுறை பாருங்கள். மறைவே இல்லாத வெட்டவெளி தெரிந்தால், உங்கள் பூனை ஒவ்வொரு முறையும் அரங்கத்துக்குள் இறங்குவதைப் போலத்தான் வெளியே வரும். எதிரே உள்ள மதில்மேல் அந்தக் கடுவன் வழக்கமாக உட்காருமானால் நிலைமை இன்னும் மோசம். வாசலின் இருபக்கமும் சற்றுத் தள்ளி இரண்டு மூன்று பூந்தொட்டிகளை வைத்தால், பூனை அவற்றின் மறைவில் நின்று நிலைமையைப் பார்த்த பிறகு நகரும். உட்புறத்தில், சாப்பாட்டுத் தட்டும் மணல்தட்டும் அந்த வாசலுக்கு அருகில் இருக்கக் கூடாது. வேறொரு மிருகம் எந்த நேரமும் தலைநீட்டக்கூடிய இடத்தில் எந்தப் பூனையும் நிம்மதியாகச் சாப்பிடுவதில்லை. மனிதர்களின் பாதுகாப்பும் இங்கேதான் வருகிறது: துளைக்குள் கையை விட்டால் தாழ்ப்பாளையோ பூட்டில் தொங்கும் சாவியையோ எட்ட முடியாத தூரம் இருக்க வேண்டும். சாவியைக் கதவிலேயே விட்டுவைக்கும் வழக்கம் இருந்தால் அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், தலை நுழையும் அளவுள்ள எந்தத் துளையும் கவனிக்கப்பட வேண்டியது. பூட்டக்கூடிய மடல் அங்கே அவசியம்.

உங்கள் கதவு மரத்தாலானது என்று எழுதியிருக்கிறீர்கள்; மரத்திலும் வகை உண்டு. முழுப் பலகைக் கதவு என்றால் எந்தச் சிக்கலும் இல்லை. சட்டமும் நடுப்பலகையும் சேர்ந்த கதவு என்றால், துளை முழுவதும் நடுப்பலகைக்குள் அடங்க வேண்டும். சட்டங்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் மூலையில் ரம்பத்தை வைத்தால் கதவின் பலமே போய்விடும். நடுப்பலகை மெலிதாக இருந்தால் துளையைச் சுற்றிப் பின்புறம் மரச்சக்கை கொடுத்துத் தடிமன் கூட்ட வேண்டும். இருபுறமும் பிளைவுட் ஒட்டி உள்ளே வெற்றிடம் விட்ட ஃப்ளஷ் கதவு என்றால், துளையின் நான்கு விளிம்புகளிலும் அந்த வெற்றிடத்துக்குள் மரத்துண்டுகளை ஒட்டி அடைத்த பிறகே பூனைக்கதவின் சட்டத்தை முடுக்குங்கள். இல்லாவிட்டால் ஸ்க்ரூ இறுக இறுகக் கதவு உள்வாங்கி நசுங்கும். தீத்தடுப்புக் கதவாக நிறுவப்பட்ட எதிலும் துளையிடக் கூடாது, ஏனெனில் அது காக்க வேண்டிய நிமிடங்களைத் துளையின் வழியாகத் தீயும் புகையும் தின்றுவிடும். வாடகை வீடென்றால் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.

கதவே வேண்டாம், பக்கத்துக் கண்ணாடியில் வைக்கலாமா என்ற எண்ணம் வந்தால் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: டஃபன்டு கண்ணாடியை, அதாவது சூடேற்றிப் பதப்படுத்திய கண்ணாடியை, பிறகு அறுக்கவே முடியாது, கருவி பட்டதும் முழுத் தகடும் சிறுசிறு துண்டுகளாக நொறுங்கிவிடும். துளையுடன் கூடிய புதிய கண்ணாடியை அளவு கொடுத்துச் செய்யச் சொல்வதே ஒரே வழி. சுவரில் வைப்பதானால் சுவரின் தடிமனுக்கு ஏற்ற சுரங்கக் குழாய் தேவைப்படும், உள்ளே மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், மழைநீர் வெளியே வழியும்படி குழாயை மிகச் சிறிது வெளிப்புறம் சாய்த்துப் பதிக்க வேண்டும். மரக்கதவு இருக்கும்போது அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம்.

இனி வகை. இங்கிலாந்தின் எக்சிடர் பேராலயத்தில், வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள பழைய மரக்கதவின் அடியில், பூனை போய்வருவதற்காக வெட்டிய வட்டத் துளை இன்றும் இருக்கிறது. அதற்கு மடல் கிடையாது. பூனையைக் கேட்டால் அதுதான் சரியான பூனைக்கதவு என்று சொல்லும். காற்று, மழை, எலி, பாம்பு, அயல்பூனை ஆகியவற்றைத் தடுக்க வேண்டும் என்பது நம்முடைய தேவை. மடல் அதற்காக வந்தது. மடலின் ஒவ்வொரு நுட்பமும் நமக்காகச் சேர்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பிறகு பூனையைப் பழக்கும்போது நமக்குப் பொறுமை வரும்.

எளிய வகையில், ஒளி ஊடுருவும் மடல் ஒன்று மேலே கீலில் தொங்கும். அடிவிளிம்பில் இருக்கும் காந்தப்பட்டை அதைக் காற்றில் ஆடாமல் பிடித்துக்கொள்ளும். நால்வகைப் பூட்டு இருந்தால் போகவர, வெளியேற மட்டும், உள்ளே வர மட்டும், முழுவதும் மூடியபடி என்று மாற்றிக்கொள்ளலாம். வேற்றுப் பூனையே இல்லாத இடத்தில் இதற்குமேல் எதுவும் தேவையில்லை. அடுத்தது கழுத்துப்பட்டையில் தொங்கும் காந்தத்துக்குத் திறக்கும் வகை. இதை நான் பரிந்துரைப்பதில்லை. காந்தம் கட்டிய எந்தப் பூனைக்கும் அது திறக்கும். பட்டை கழன்று விழுந்தால் உங்கள் பூனையே வெளியே நிற்கும். போதாததற்கு ஊசி, ஆணி, கிளிப் எல்லாம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேரும்.

கடுவன் தொல்லை இருப்பதால், உங்களுக்கு மைக்ரோசிப்பைப் படித்துத் திறக்கும் வகையே பொருத்தம். கால்நடை மருத்துவர் பூனையின் தோள்பட்டைகளுக்கு இடையே, தோலுக்கு அடியில் செலுத்தும் அந்தச் சிப் அரிசி மணி அளவே இருக்கும். அதற்குள் மின்கலம் கிடையாது. பூனைக்கதவின் உச்சியில் இருக்கும் உணர்கருவி 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பும்போது, அதிலிருந்தே ஆற்றல் பெற்றுச் சிப் தன் 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். பதிவான எண்ணாக இருந்தால் பூட்டு விலகும். பதிவு செய்வதும் எளிது: கற்கும் நிலைக்கான பொத்தானை அழுத்திவிட்டுப் பூனையை ஒருமுறை தலைநீட்ட விட்டால் போதும். வாங்கும் முன் இரண்டைக் கவனியுங்கள். சில பழைய சிப்களின் எண் 9 அல்லது 10 இலக்கமே இருக்கும். உங்கள் பூனையின் சிப்பை அந்தக் கருவி படிக்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாவது, சிப் வகைகளில் பல உள்ளே வரும்போது மட்டுமே சோதிக்கும், வெளியேறும்போது எல்லோருக்கும் திறக்கும். ஒரு பூனையை வீட்டில் நிறுத்திக்கொண்டு மற்றதை மட்டும் வெளியே விட வேண்டுமானால் இரு திசையிலும் சோதிக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்தக் கருவியாலும் கடுவனை நூறு விழுக்காடு தடுக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் பூனைக்குப் பூட்டு விலகிய அந்த நொடியில் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நுழையும் பூனைகள் உண்டு. மடலை நகத்தால் தன் பக்கம் இழுத்துத் திறக்கும் பூனைகளும் உண்டு. ஆனாலும் இந்தச் செலவு வீண் அல்ல. அயல்பூனை வீட்டுக்குள் வந்துபோகும் வீட்டில், சொந்தப் பூனை மூலைக்கு மூலை சிறுநீர் பீய்ச்சுவதும், மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழற்சிக்கு ஆளாவதும் நடக்கும். அதைத் தவிர்ப்பது அந்த உயிருக்குச் செய்யும் பெரிய உதவி.

இப்போது அறுப்பதற்கு வருவோம். மின்ரம்பத்தை, அதாவது ஜிக்சாவை, ஒருமுறையாவது பிடித்துப் பழகியவர் என்றால் நீங்களே செய்யலாம். கதவைக் கழற்றிப் படுக்க வைத்து அறுப்பதே நேர்த்தி. ஆனால் அதில்தான் பலர் உயரத்தைத் தவற விடுகிறார்கள். கதவின் அடிவிளிம்புக்கும் தரைக்கும் இடையே இடைவெளி இருக்கும்; கழற்றிய கதவின் அடியிலிருந்து அளந்தால் அந்த இடைவெளி கணக்கில் வராமல் துளை உயர்ந்துவிடும். ஆகவே கதவு தன் இடத்தில் மூடியிருக்கும்போதே, தரையிலிருந்து வயிற்று மட்டத்தை அளந்து கோடிட்டு, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, பெட்டியோடு வரும் அளவுத்தாளை அந்தக் கோட்டில் ஒட்டி வரைந்துகொள்ளுங்கள். அதன் பிறகு கழற்றுங்கள்.

கோட்டுக்கு உட்புறமாக நான்கு மூலைகளிலும் 10 அல்லது 12 மி.மீ. துளைகளை டிரில்லால் போடுங்கள். பின்னால் ஒரு வேண்டாத மரத்துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டால் மறுபுறம் சிலாம்பு பெயராது. ஜிக்சாவின் பற்கள் மேல்நோக்கி வெட்டுபவை. அதனால் கருவி அமர்ந்திருக்கும் பக்கத்தில்தான் மேற்பரப்பு பிய்யும். கோட்டின்மீது மாஸ்கிங் டேப்பை ஒட்டி, நெருக்கமான பற்கள் உள்ள அலகைப் போட்டு, அவசரமில்லாமல் நகர்த்துங்கள். தடித்த கதவில் அலகைத் தள்ளினால் அது உள்ளே வளைந்துகொள்ளும். மேலே கோடு நேராகத் தெரியும், திருப்பிப் பார்த்தால் பின்புறம் அரை விரல் விலகியிருக்கும். கடைசிப் பக்கத்தை அறுக்கும்போது வெட்டுப்படும் துண்டைக் கீழிருந்து யாராவது தாங்கிக்கொள்ளட்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகக்கவசமும் அணியாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். வெட்டியெடுத்த துண்டை எறிந்துவிடாதீர்கள். என்றாவது துளையை அடைக்க நேர்ந்தால், அதே மரம், அதே நிறம் வேறெங்கும் கிடைக்காது.

அறுத்ததும் சட்டத்தைப் பொருத்திவிட வேண்டும் என்று கை பரபரக்கும். நான் முதன்முதலில் செய்த கதவில் அப்படித்தான் செய்தேன். மழைக்காலம் தொடங்கிய சில வாரங்களில் எங்கள் பூனை மடலுக்கு முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கத்தத் தொடங்கியது. தொட்டுப் பார்த்தேன், மடல் கீழே உரசி நின்றது. சட்டத்தைக் கழற்றியபோது, அறுத்த கீழ்விளிம்பு கறுத்துப்போய், விரலால் அழுத்தினால் நீர் கசியும் அளவுக்கு ஊறியிருந்தது. பிரைமர் படாத வெற்று மரம் நீரை உறிஞ்சி உப்பி, சட்டத்தை மேல்நோக்கித் தள்ளியிருந்தது. காயவைத்து, இழைத்து, மறுபடி பொருத்த ஒரு வாரம் ஆயிற்று. ஆகவே அறுத்த நான்கு விளிம்புகளையும் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் ஒன்றும் பெயின்ட் இரண்டுமாகப் பூசி, முழுவதும் காய்ந்த பிறகே சட்டத்தை வையுங்கள். ஸ்க்ரூக்களை ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள்; அதிகம் இறுக்கினால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து மடல் சிக்கும். வெளிப்புறச் சட்டத்தின் மேற்பக்கத்திலும் இரு பக்கவாட்டிலும் சிலிக்கான் பூசி, அடிப்பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். எப்படியாவது உள்ளே புகுந்த நீர் வெளியேற ஒரு வழி வேண்டும்.

பொருத்தி முடிந்த அன்றே பூனையைத் தூக்கி மடலுக்குள் தள்ளுவதுதான் மக்கள் செய்யும் பெருந்தவறு. ஒருமுறை அப்படித் தள்ளப்பட்ட பூனை அந்த இடத்தையே ஆபத்தான இடமாக நினைவில் வைத்துக்கொள்ளும். முதல் சில நாட்களுக்கு மடலை மேலே தூக்கி டேப்பால் ஒட்டிவிடுங்கள். பூனைக்கு வெறும் துளையே இருக்கட்டும். நீங்கள் ஒரு பக்கம், பூனை மறுபக்கம் என்று உட்கார்ந்து, அதற்குப் பிடித்த தின்பண்டத்தைக் காட்டி மெல்ல அழையுங்கள். தயங்காமல் போய்வரத் தொடங்கியதும் மடலைப் பாதி இறக்கி நிறுத்துங்கள். அதன் பிறகு துணிக்கிளிப் ஒன்றைச் சொருகி, ஒரு விரல் இடைவெளி மட்டும் தெரியும்படி விடுங்கள். அந்த இடைவெளியில் வரும் வெளிக்காற்றே பூனையை அழைக்கும். கடைசியில்தான் முழுவதும் மூட வேண்டும். அப்போதும் காந்தப்பட்டையின்மேல் சிறு டேப் ஒட்டி அதன் பிடிப்பைக் குறைத்து வைத்தால், நெற்றியால் தள்ளும் முதல் முயற்சியிலேயே மடல் திறந்துவிடும். இது சில பூனைகளுக்கு மூன்று நாள் வேலை, சிலவற்றுக்கு மூன்று வாரம்.

சிப் வகையில் இன்னொரு படி இருக்கிறது. பூட்டு விலகும்போது எழும் ‘க்ளிக்’ என்ற சத்தம் நமக்கு ஒரு பொருட்டாகத் தெரியாத அளவுக்குச் சிறியது. பூனைக்கு அது தலைக்கு நேர்மேலே எழும் சத்தம். நண்பர் வீட்டுப் பெட்டைப் பூனை ஒன்று, மடலுக்கு நன்றாகப் பழகிய பிறகும், முதல் ‘க்ளிக்’ கேட்டதும் வால் மயிர் சிலிர்க்கப் பின்வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எனவே பழகும் காலம் முழுவதும் பூட்டைத் திறந்த நிலையிலேயே வைத்திருங்கள். பிறகு பூனை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சற்றுத் தொலைவில் அந்தச் சத்தம் சில நாள் கேட்கும்படி செய்துவிட்டுப் பூட்டை இயக்குங்கள்.

வாசல் தயாரானாலும், பூனைக்கு மைக்ரோசிப்பும் தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் முடிந்த பிறகே வெளியே விடுங்கள். புதிய வீட்டுக்கு வந்த பூனை என்றால் குறைந்தது இரண்டு மூன்று வாரம் உள்ளேயே இருக்கட்டும். பழகிய பின்பும், பொழுது சாய்வதற்கு முன் உணவு கொடுத்து உள்ளே அழைத்து, விடியும்வரை மடலைப் பூட்டிவைக்கும் வழக்கத்தை நான் வற்புறுத்துவேன். பூனை அந்தியிலும் வைகறையிலும்தான் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும். வண்டியில் அடிபடுவது, சண்டை, பறவை வேட்டை ஆகிய மூன்றும் இப்படிப் பூட்டிவைப்பதால் குறையும். பூட்டிய நேரத்தில் உள்ளே மணல்தட்டு இருக்க வேண்டும். இரண்டு மூன்று பூனைகள் உள்ள வீட்டில் ஒன்று வாசலை மறித்துப் படுத்துக்கொண்டு மற்றதை விடாமல் செய்வதைக் கண்டால், அதைத் திட்டிப் பயனில்லை. வேறொரு பக்கத்தில் இரண்டாவது வாசல் வைப்பதுதான் தீர்வு.

பராமரிப்பு சிறிதுதான். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் மடலையும் சட்டத்தின் உள்விளிம்பையும் துடைத்து, தூசிதடுக்கும் தூரிகைப்பட்டையில் சேர்ந்த மயிரை எடுத்துவிடுங்கள். உணர்கருவியின் முகப்பில் அழுக்குப் படிந்தால் சிப்பைப் படிக்கத் தாமதமாகும். மின்கலம் தீரப்போவதைக் காட்டும் விளக்கு ஒளிரத் தொடங்கிய அன்றே மாற்றிவிடுங்கள், ஏனெனில் அது தீர்ந்துபோனால் வெளியே நிற்பது உங்கள் பூனை. கீலில் மட்டும் எண்ணெய் விடாதீர்கள். மயிரும் தூசியும் அதில் ஒட்டிப் பிசினாகி மடலை இறுக்கிவிடும். உலர்ந்த துணியால் துடைத்தாலே அது லேசாக ஆடும்.